ஐயரின் கைத்தடியில் சுறாநெய்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம், என்ரை மூக்குக்குத்தான் சுகமில்லை. உங்கட முழங்கால் நோ எப்படி?

இங்கை நெடுங்கேணித் தடிப்பட்டறையில் நடைத்தடிக்கு இலுப்பெண்ணெய் பூசுவம். மீனவர் நாயாற்றுச் சேற்றில் ஊன்றி நடக்கிற தடிக்குச் சுறாநெய். சீ, செத்த மீனே மூக்கைப் பொத்தும்! நான் போத்தல் மாறி, கோயில் ஐயரின் கைத்தடிக்குச் சுறாநெய்யைப் பூசிப்போட்டன். ஐயருக்குப் பின்னால ஊர்ப்பூனையெல்லாம் பரிவாரம்!

“தடியா, மணம் போகுமட்டும் தேய். அதுவரைக்கும் உனக்கு வீடுமில்லை, பொங்கலுமில்லை” எண்டார் முதலாளி. தடி செய்ய வந்து தடியனானன்.

சாம்பல் போட்டுத் தேய்ச்சும் போகுதில்லை. இப்ப என்ரை கையும் நாறுது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோனால் ஓங்காளம். ஒருத்தரும் பக்கத்தில குந்துகினமில்லை. புளிவிட்டுத் தேய்க்கத் தேசிக்காய் கெதியா அனுப்புங்கோ.

பொங்கலுக்கு நாறிக்கொண்டு வந்தாலும் பக்கத்தில இருந்து சாப்பிடுவீங்கள்தானே?

கடிதம் கொண்டுபோற லொறி வெளிக்கிடுது.

உங்கட மகன்,
குலவீரன்