உங்கப்பாவின் வழியில் விடுபட்ட ஊர்

போன்சவான்,
1993 டிசம்பர்

அன்பு மகள் மாய் கூவுக்கு அம்மா எழுதுவது. மூச்சு ஓடுகிறது, கால் இரண்டும் நடக்கின்றன, என்னைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்தப் பனியில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ராஜா பக்கம் தோற்று ஆட்கள் விமானம் ஏறித் தப்பிய அன்றைக்கு லோங் செங் விமானத் திடலில் இருந்தவர்கள் உங்கப்பா தூ யெங், பத்து வயது நீ, உன் பெரியப்பா சோங் நெங், பெரியம்மா பா ஷுவா, மேட்டுக் குடிசையில் நடக்கமுடியாமல் கிடந்த உன் அப்பாயி, நான். எடுத்த எடுப்பில் பழசைக் கிளறுகிறாளே என்று சலிக்காதே, காரணம் இருக்கிறது.

உங்கப்பா இறந்துபோய்விட்டார் என்ற உன் கடிதம் வந்த அன்று யாரிடம் சொல்லி அழுவது, பிளியா மாமாவும் போன மழையில் போய்விட்டான், கோழிகளிடம்தான் சொன்னேன். நம் சனத்துப் புது வருஷத்துக்கு ஒரு பன்றித் துண்டு வாங்கி மூன்று நாள் நானே தின்றேன். அடக்கத்துக்கு மண்டபம் கிடைக்க ஒரு மாதமாகும், செத்தவர் ஆவிக்கு வழி சொல்லுகிறவருக்கு அப்பா வாழ்ந்த ஊர்கள் வேண்டும், அகதி முகாமில் எழுதிய படிவத்தைப் பார்த்து எழுதினோம், சரியா என்று கேட்டிருக்கிறாய். சரியில்லை, ஓர் ஊர் விட்டுப்போயிருக்கிறது. வந்த வழியே ஊர் ஊராகத் திரும்பி நடந்து, பிறந்த வீட்டு நடுக்கம்பத்தடியில் புதைத்த நஞ்சுக்கொடியை அவர் எடுத்து உடுத்தவேண்டும். ஒன்றைச் சொல்லாமல் தாண்டினால் பாதி வழியில் நின்றுவிடுவார்.

அந்த ஊர் பூ ஞோங், கம்யூனிஸ்ட் சிவப்புக்காரர் பக்கம். எங்கள் லோ வீட்டார் வியட்நாம்காரன் கொடுத்த துப்பாக்கியோடு அங்கே போனார்கள், உங்கப்பாவின் மோவா வீட்டார் அமெரிக்கன் கொடுத்ததோடு ராஜா பக்கம். என் கல்யாணத்தில் ஒரே பன்றியை ஆளுக்கொரு கால் பிடித்து அறுத்தவர்கள் பிளியாவும் சோங் நெங்கும். வானத்திலிருந்து ஒருநாள் அரிசி மூட்டை விழும், ஒருநாள் குண்டு விழும். வெடிக்காத குண்டில் மண்வெட்டி தட்டுமோ என்று இன்றைக்கும் கொல்லையில் காது கொடுத்துத்தான் கொத்துகிறேன். நாங்கள் குடியிருந்த நாம் கெங் ஊர் எரிந்தபோது நீ வயிற்றில் ஏழு மாதம், உங்கப்பாவுக்குக் கடும் காய்ச்சல், பிளியாதான் முதுகில் சுமந்து பூ ஞோங்குக்குக் கொண்டுபோனான். இரண்டு மழைக்காலம் அவர்கள் அரிசியைத் தின்றோம். நீ பிறந்ததும் அங்கேதான், பெண்ணுக்கு உள்ள வழக்கப்படி உன் நஞ்சுக்கொடியும் அங்கே என் கட்டிலடியில்தான் இருக்கிறது. உன் காகிதத்தில் லோங் செங் என்று இருப்பது பொய். பிறகு பெரியப்பா ஆளனுப்பி லோங் செங்குக்குக் கூப்பிட்டார், அவர் அப்போது ராஜா படையில் அதிகாரி. சிவப்புச் சோறு தின்றதை வெளியே சொன்னால் உன் தலையும் போகும் என் பதவியும் போகும் என்று தம்பி வாயை அடைத்தார். முகாமிலும் அவர் சொன்னபடிதான் எழுதினார்கள்.

திடலிலும் அவர்தான் என்னிடம், போய் அம்மாவைக் கூட்டிவா, இடம் பிடித்து வைக்கிறேன் என்றார். அப்பாயியைச் சுமந்து இறங்குகிறேன், விமானம் ஓட ஆரம்பித்துவிட்டது. பதினெட்டு வருஷம் உங்கப்பாவைத்தான் திட்டினேன், விறகு பிளக்கும்போதெல்லாம் திட்டினேன். அவள் பின்பக்கம் ஏறிவிட்டாள், கண்ணால் பார்த்தேன் என்று பெரியப்பா சொன்னதை நம்பித்தான் அப்பா ஏறினார் என்று இப்போதுதான் எழுதுகிறாய். கேட்டால், லோ வீட்டுப் பெண்தானே, அண்ணன்மார் சோறு போடுவார்கள் என்று நினைத்தேன் என்கிறாராம். போட்டார்கள். அவரைப் பெற்றவளுக்கும் சாகும்வரை அந்தச் சோறுதான்.

உங்கப்பா மேலிருந்த கோபத்தை விட்டுவிட்டேன். விட்டபிறகு வீடு இன்னும் வெறிச்சென்று கிடக்கிறது, திட்டவும் ஆளில்லை.

எழுதிக்கொள்: அமெரிக்காவில் செயின்ட் பால், தாய்லாந்து முகாம், லோங் செங், பூ ஞோங், நாம் கெங், பிறந்த ஊர் ஃபா தெங். என் தம்பி சவத்தின் முன்னால் சிவப்பு ஊர் பெயரா என்று பெரியப்பா குதிப்பார், பெண்பிள்ளைக்குச் சபையில் என்ன பேச்சு என்பார்கள். பேசு. அது நான் பிறந்த ஊர் என்று நீயே சொல்.

அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்த ஷியோங் வீட்டுப் பெண் நாளை திரும்புகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். அடக்கத்தன்று வெறும் வயிற்றோடு நிற்காதே. உன் பிள்ளைகள் உன் பக்கத்திலேயே வளர்ந்து உன் பக்கத்திலேயே கிழவர்களாகட்டும். மாப்பிள்ளை, பேரன் பேத்தி, பெரியம்மா, எல்லாரையும் நான் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா லோ யெர்

விசாரிக்காத ஆள் ஒருவர் உண்டு, செத்தாலும் மன்னிக்கமாட்டேன் என்று அவரிடமே சொல்: மோவா சோங் நெங்.