ஆக்ராக்காரரின் முதல் வார்த்தை

ஞாயிறு, மே 10

வெயில். கூலர் அனலாக ஊதுகிறது.

சொல்ல வெட்கம். இன்று ஆராதனையில் முந்தானை நனைய அழுதேன். அழவைத்த கதை, வெள்ளிக்கிழமை பீன்ஸ் நறுக்கிக்கொண்டே நானே கட்டிவிட்டது.

எங்கள் வீட்டு பாஸ்டர் வேதத்தைப் பிரமாதமாக விளக்குவார். கதை மட்டும் வராது. கதை இல்லாவிட்டால் எங்கள் டெல்லி கரோல் பாக் சபைக்குப் பதினைந்தாவது நிமிடம் தூக்கம். ஆகவே கதை இலாகா என்னுடையது. 'எங்கேயோ கேட்டேன்' என்று எடுத்துக் கொடுப்பேன். நம்பிவிடுவார், பாவம்.

இன்று கெட்ட குமாரன் உவமை. என் கதை: காதல் கல்யாணம் செய்த மகளோடு பேசாத அப்பா, ஒருநாள் தானே போய் அவள் கதவைத் தட்டுகிறார். "ஆக்ராவில் எனக்குத் தெரிந்த ஒரு தகப்பன்..." என்று ஆரம்பித்தார் பாஸ்டர். 'எனக்குத் தெரிந்த' அவருடைய சேர்க்கை. அந்தப் பாவம் என்னுடையதல்ல.

முடிந்ததும் தங்கராஜ் அங்கிள் வந்தார். திருநெல்வேலிக்காரர், ரிட்டயர்டு, மனைவி இல்லை. ஒரே மகள், நர்ஸ், பீகார்ப் பையனைக் கட்டிக்கொண்டு இதே டெல்லியில், முனிர்காவில். நாலு வருடமாகப் பேச்சில்லை. (கதைக்குச் சரக்கு எங்கே கிடைத்தது என்று இந்த நோட்டில்கூட எழுதமாட்டேன்.)

"ஐயா, அந்த ஆக்ராக்காரர் நம்பர் வேணும். கதவு தொறந்ததும் மொத வார்த்தை என்ன சொன்னாருன்னு கேக்கணும். எனக்கு அதுதான் வரமாட்டேங்கு."

பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகங்களை அடுக்கினேன்.

திங்கள், 11

வீட்டில் சொல்லிவிட்டேன்.

"ஆக்ராவே பொய்யா?"

"ஆக்ரா இருக்கு. அந்த அப்பாதான் இல்ல."

பாஸ்டர் சிரிக்கவில்லை. காபியும் குடிக்கவில்லை. "நீயே போய் அவர்கிட்ட சொல்லு."

புதன், 13

செய்ய: கூலருக்குப் புதுப் புல், இட்லி மாவு, த. அங்கிள்.

கடைசியை முதலில். அங்கிள் வீட்டில் இஸ்திரி போட்ட சட்டை ஹேங்கரில். சனிக்கிழமை முனிர்கா போகிறாராம். ஆக்ராக்காரர் என் கற்பனை என்று சொன்னேன்.

ஹேங்கர் சட்டையின் காலரை நீவிவிட்டார். "அப்போ அப்படி யாரும் போகலையா?"

"இல்ல அங்கிள். மன்னிச்சிருங்க."

"சரி, கட்டினது நீங்கதான? நீங்களே சொல்லுங்க பாஸ்டரம்மா. அந்த ஆளு என்ன சொல்லியிருப்பாரு?"

இருபது வருடம் கதை விட்ட வாய். எழுந்து திரையை விலக்கினேன். ஜன்னலுக்கு வெளியே வெயில் மட்டும்.

"தண்ணி கேட்டிருப்பாரு அங்கிள். இந்த வெயில்ல தண்ணி கேட்டா யாரும் கதவச் சாத்தமாட்டாங்க."

"தண்ணி." ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சனி, 16

காலையிலிருந்தே அனல்காற்று. கூலர் புல் மாற்றும் பையா வரவில்லை, நாளைக்கு நிச்சயமாம். பாஸ்டர் முழங்காலில். நான் மாங்காய் ஊறுகாய் கிளறினேன், அதுவும் ஜெபம் மாதிரிதான். அங்கிளிடமிருந்து போன் இல்லை. நாமாகப் போடவும் பயம்.

ஞாயிறு, 17

பிரசங்கத்தில் கதையே இல்லை. மூன்று பேர் தூங்கினார்கள். எனக்கு அந்தப் பாக்கியமும் இல்லை, கண் வாசலிலேயே.

கடைசிப் பாட்டுக்குத்தான் அங்கிள் வந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"கதவு தொறந்துச்சும்மா! தண்ணிதான் கேட்டேன். ரெண்டு சொம்பு! கூலர எம் பக்கமாத் திருப்பி வச்சு, சாயா, சமோசா... ரெண்டு மணி நேரம் இருந்தேன். எறங்கையில நாலு மாடியும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து ஆட்டோல ஏத்திவிட்டு..."

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கும் மூக்கு ஒழுகியது.

"மக என்ன சொன்னா அங்கிள்?"

"அவளுக்குப் பகல் டியூட்டியாம். வீட்ல மாப்பிள்ள மட்டுந்தான்."