தூதுவர் சொன்ன கடைசி வரி

ஜூலை 6, ஞாயிறு

தூறல். பூசைக்குப் போகும்போது குடையை மறந்துவிட்டேன். வந்ததிலிருந்து தும்மல்.

மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டுத் தங்கமணி அக்கா. மடி நிறையப் பேரிக்காய். அவர் டிவி இடியில் போனதிலிருந்து ஞாயிறு மதியம் இங்கேதான். டப்பிங்கில் வரும் விண்வெளித் தொடர். இரண்டு கிரகங்கள், நீண்ட போர், கடைசியில் ஒப்பந்தம்: கண்ணுக்கும் ரேடாருக்கும் தெரியாமல் மறையும் கப்பலை இரு தரப்பும் கட்டக் கூடாது. பேசி முடித்தவர் நம் தரப்புத் தூதுவர், ஒரு வயதான அம்மாள். ஆனால் அப்படி ஒரு கப்பல் எங்கோ சுற்றுகிறது. யாருடையது?

அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. "அவ மொகத்தப் பாருங்க கண்ணு. கப்பலு இவிங்களுதுதான். அது அவளுக்குத் தெரியும்."

நான் பேரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தொடருக்குத் தமிழ் வசனம் எழுதுவதே நான்தான். அக்காவுக்குத் தெரியாது. "கம்ப்யூட்டர்ல எஸ்டேட் கணக்கு வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறேன். கம்பெனி ஒப்பந்தம் அப்படி: எழுதுவது யார், அடுத்து என்ன வரும், யாரிடமும் வாய் திறக்கக் கூடாது.

விளம்பர இடைவேளையில் அக்கா சொன்னது: "எங்கண்ணனும் இப்படித்தானுங்க. செம்மநத்தத்துல ஊரே கூடி மொளகுத் தோட்டத்தப் பாகம் பேசறப்ப, செரி செரின்னு தலையாட்டுனான். அப்பவே பத்திரம் அவம்பேருக்கு மாறியாச்சு. தெரிஞ்சேதான் உக்காந்திருந்தான். இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்கல. தோட்டம் போனாப் போச்சாதுங்க. ஆமா, தெரியும்னு ஒரு வார்த்த சொல்லலாமில்ல? இவளாச்சும் சொல்றாளான்னு பாக்கறேன்."

ஜூலை 8, செவ்வாய்

மூடுபனி. எதிர்வீடு தெரியவில்லை. நெட் வருகிறது, போகிறது.
கேஸ் புக் செய்ய. ஸ்வெட்டர் காயவில்லை. வசனம் எழுதக் கடைசி எபிசோட் வந்துவிட்டது.

தூதுவர் சொல்கிறார்! எதிரித் தளபதி கேட்கிறான்: "நாம் ஒப்பந்தம் பேசிய அறைக்கு மேலேயே அந்தக் கப்பல் நின்றது. உங்களுக்குத் தெரியுமா?" முழு க்ளோசப். "எனக்குத் தெரியும்." பிறகு நான்கு விநாடி இறுக மூடிய உதடு. டப்பிங்கில் எனக்குப் பெரிய தலைவலியே இந்த உதடுகள்தான். படத்தில் வாய் மூடும் இடத்தில் தமிழிலும் வாய் மூட வேண்டும். 'தெரியும்' முடிவதே 'ம்'மில், இங்கே தானாகவே பொருந்திவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை கூட இப்படி அமையாது.

அக்கா கேட்கப் போகிறார். நினைத்து நினைத்துச் சந்தோஷம். அழுகையும்.

ஜூலை 10, வியாழன்

சென்னையிலிருந்து கோ-ஆர்டினேட்டர் போன்.

"மேடம், அந்த அம்மா நல்லவங்க. ஃபேமிலி ஆடியன்ஸ் அவங்களோடவே வந்திருக்காங்க. நம்ம ஆளே ஒப்பந்தத்தை மீறினாங்கன்னா எப்படி ஏத்துப்பாங்க? 'எனக்குத் தெரியாது'ன்னு போட்டுடுங்க."

"அப்ப கப்பல் யாருது சார்?"

"கீழ இருக்கிறவன் எவனோ கட்டிட்டான்."

"அடுத்த காட்சியில் அவங்க பதவியை ராஜினாமா பண்றாங்களே?"

"உடம்பு சரியில்லன்னு வெச்சுக்கலாம் மேடம்."

உடம்பு சரியில்லையாம்! இருபத்தாறு எபிசோட் ஒரு பெண் உள்ளுக்குள் வெந்து சாகிறாள், கடைசியில் உடம்பு சரியில்லை. மடையன்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும் பச்சைக் குழந்தைகள் என்ற நினைப்பு. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. துடைக்கவில்லை. கிடக்கட்டும்.

ஜூலை 11, வெள்ளி

கரண்ட் இல்லை, மதியம் வரை.

உதடு பொருந்தாது என்று எழுதினேன். பதில்: "யாரு மேடம் வாயைப் பாக்கறாங்க?"

அனுப்ப நினைத்தவை:
1. அப்படியானால் எனக்கு எதற்கு இந்த வேலை?
2. செம்மநத்தத்தில் பிறந்த ஒருத்தி பார்க்கிறாள்.
3. நான் எழுத மாட்டேன்.

எதையும் அனுப்பவில்லை. "கஷ்டமா இருந்தா சொல்லுங்க, வேற ஆள் பாத்துக்கறோம்" என்று அவனே முந்திக்கொண்டான். சர்க்கரை வாங்க ஒண்டிக்கடை வரை நடந்தேன். போகும்போதும் வரும்போதும் அவனோடு மனதுக்குள் சண்டை. எல்லாவற்றிலும் நான்தான் ஜெயித்தேன். சர்க்கரையை மறந்துவிட்டு வந்தேன்.

4.40. மாற்றி அனுப்பிவிட்டேன். தெரியாது.

"சூப்பர் மேடம். அடுத்த சீசனும் உங்களுக்குத்தான்." அதற்கு "தேங்க்ஸ் சார்" என்று வேறு போட்டேன். சீ. அவன் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வருவது பெரிதாக இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

கடைசிக்கு முந்தின எபிசோட். அக்கா: "அடுத்த வாரம் சொல்லிருவாளுங்க, பாருங்க." தலை வலிக்கிறது என்று பாதியில் எழுந்துவிட்டேன். உண்மையிலேயே வலித்தது.

ஜூலை 27, ஞாயிறு

மழை விட்டு வெயில், எரிச்சலூட்டும் வெயில்.

அக்கா இரண்டரைக்கே வந்துவிட்டார். தலைக்குக் குளித்து, நல்ல சேலை. நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தளபதி கேட்டான். க்ளோசப். "எனக்குத் தெரியாது." குரல் முடிந்தபோது வாய் திறந்திருக்க வேண்டும். திரையில் இறுக மூடியிருந்தது. நான்கு விநாடி. எனக்கு நான்கு வருடம்.

அக்கா நாற்காலியை இன்னும் முன்னே இழுத்தார். பிறகு, மெதுவாக: "இல்லைங்க. வாயி ஒண்ணு சொல்லுது, மொகம் ஒண்ணு சொல்லுது. அவ தெரியும்னுதான் சொல்லியிருக்கறா. இங்க யாரோ மாத்தி உட்டுட்டாங்க."

நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். மழையே இல்லை.

"நொம்ப நாளா இதுக்குத்தானுங்க காத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். அப்புறம், "ஏங்கண்ணு, நீங்க படிச்சவிங்க. இதத் தமிழ்ல எழுதறது யாருங்க?"

"எனக்குத் தெரியாதுங்க அக்கா."

டிவியில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா அதைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.