வாளியில் இருந்தது மேப்பிள் சாறு அல்ல

ஜினெட்,

அடுப்பில் பட்டாணி சூப் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு.

நேற்று மேப்பிள் மரத்தில் தொங்கிய வாளியில் நீ ருசி பார்த்த முதல் சாறு, நான் குழாய்த் தண்ணீரில் கரைத்த கடைச் சர்க்கரை. "என் முழங்கால் வலிச்சா மரத்துல சாறு ஊறும்" என்று ஊர்முன் முழங்கிவிட்டு, பனி இளகுமுன்பே துளை போட்டவன் நான். "மரத்துக்கு உங்க முழங்காலைத் தெரியுமா?" என்றாய். பனி இளகாமல் ஒரு சொட்டுச் சாறும் இறங்கவில்லை; தோற்க மனமில்லை.

ஆனால் நீ உன் அண்ணன் ரோசேரைப் போனில் கூப்பிட்டு, "இவரு சொன்னதுதாண்ணே சரி, ருசி பார்க்க எல்லாரும் வாங்க" என்று பெருமைப்பட்டபோது உடம்பே கூசிப்போயிற்று. அவர் கிளம்புமுன் உண்மையைச் சொல்லிவிட அவர் வீட்டுக்கே போகிறேன். என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், உன்னையல்ல.

ஆர்மான்

பி.கு.: வாளியைக் கவிழ்த்துவிட்டேன்.

இன்னொன்று: கோபத்தில் கதவை உள்ளே தாழ்போட்டுவிடாதே. வெளியே இன்னும் குளிர்காலம்தான்.