தீவின் மேல் நீலப் பொத்தான்

அன்புள்ள அண்ணாவுக்கு,

செவ்வாய்க்கிழமை நான் அம்மாவிடம் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு விஷயம்தான்: பகல் பன்னிரண்டு மணிக்கு உன் கப்பலிலிருந்து தகவல் வரவில்லை.

உங்கள் கப்பல் ஆறு மணி நேரத்துக்கொரு முறை அனுப்பும் காற்றழுத்தமும் அலை உயரமும் எங்கள் வானிலை அலுவலகத்துக்குத்தான் வருகின்றன என்பது உனக்குத் தெரியும். அவற்றைக் குறித்து அனுப்புவது நீதான் என்பது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. பதினொரு மாதமாக அந்தத் தகவலில் வரும் கப்பலின் இடத்தை நான் அம்மாவிடம் சொல்லி வருகிறேன், நீ சொல்லச் சொன்னதாக.

போன வருடம் நான்காவது புயல் உங்களைத் துறைமுகத்துக்கு வெளியே ஏழு நாள் நிறுத்திவைத்தது. இறந்துபோன அப்பாவை நீ இல்லாமலே எடுத்தோம். அந்தத் துக்கத்தில் அம்மா போனில், "கடல்தானே உனக்கு வீடு, அங்கேயே இருந்துக்கோ" என்றாள். நீயும் அவள் பெற்ற பிள்ளைதானே, சொன்னதைப் பிடித்துக்கொண்டு அவளிடம் பேசாமலே அங்கேயே இருந்துவிட்டாய். ஒரு வாரம் கழித்து அம்மா தன் தையல் கடையில் துணி வெட்டும் மேசையின் கண்ணாடிக்கு அடியில் என் பழைய பள்ளி வரைபடத்தை விரித்தாள். கண்ணாடியின் மேல் புயலுக்குக் கோட்டில் தைக்கும் ஒரு சிவப்புப் பொத்தான், உனக்கு ஒரு நீலச் சட்டைப் பொத்தான். புயல் வந்த வழியைத் துணியில் குறிக்கும் சாக்குக்கட்டியால் வரைவாள். தைக்கக் கொடுக்க வருபவர்கள் மேசையில் கை வைத்தால், "ஏம்மா, கப்பலைத் தள்ளாதே" என்பாள்.

இந்தப் பருவத்தின் ஆறாவது புயல் வடக்கே போகும் என்று சொன்ன கணிப்பாளர்கள் மூவரில் நானும் ஒருத்தி. அதை நம்பித்தான் நீங்கள் மேற்கே விலகினீர்கள். திங்கள் மாலை அதுவும் மேற்கே திரும்பியது. மறுநாள் பன்னிரண்டு மணித் தகவலுக்கான இடம் என் திரையில் காலியாகவே இருந்தது. தலைமைக் கணிப்பாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அலை அடிக்கிறப்ப மனுஷன் கப்பலைப் பார்ப்பானா, நமக்குக் கணக்கு எழுதுவானா? போய்ச் சாப்பிடும்மா" என்றார். அவரும் சாப்பிடவில்லை.

ஒரு மணிக்கு அம்மா போன் செய்தாள். "நீலத்தை எங்கேடி வைக்க?" என்றாள். அட்சரேகை, தீர்க்கரேகை என்று வாயில் வந்த இரண்டு எண்களைச் சொன்னேன். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் இல்லை. தெரியாத இடத்தைக் காலியாக விடலாம். கற்பனையால் மட்டும் நிரப்பக் கூடாது. முதல் நாள் வேலையில் சொல்லிக்கொடுப்பதே அதுதான்.

மாலை ஆறு மணித் தகவலும் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். நீலப் பொத்தான் ஒரு தீவின் நடுவில் உட்கார்ந்திருந்தது. அம்மா மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, "உங்க அண்ணன் கப்பலை மலை மேல ஏத்திட்டானா?" என்று சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் ஒரு விரலால் பொத்தானை மெதுவாகத் தண்ணீருக்குள் நகர்த்தினாள், புயலிலிருந்து கை எட்டுகிற மட்டும் தள்ளி. பிறகு விரலை எடுக்காமலே சொன்னாள்: "அவன் சொல்லி அனுப்பியிருந்தா ஒரு தடவையாவது 'அம்மா சாப்பிட்டாளா'ன்னு கேட்டிருப்பான். நீ வெறும் எண்ணாத்தானேடி கொண்டு வந்தே. முதல் நாளே தெரியும்."

தெரிந்தும் பதினொரு மாதம் பொத்தானை நகர்த்தியிருக்கிறாள், அண்ணா. மறுநாள் கொடுக்க வேண்டிய பள்ளிச் சீருடைகளுக்குப் பட்டன் தைத்தாள். ஒரு சட்டைக்கு இரண்டு முறை பிரித்துத் தைத்தாள்.

நள்ளிரவுத் தகவலும் வரவில்லை. புதன் காலை ஆறு மணிக்கு உன் தகவல் வந்தது. அழுத்தம் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று, அலை ஒன்பது மீட்டர். இதுவரை நான் படித்த எந்தப் புத்தகத்திலும் எந்த வரியும் என்னை அப்படி அழவைத்ததில்லை. அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "சரி" என்றாள். பிறகு, "ஒன்பது மீட்டர்னா நம்ம வீடு உயரம் இருக்குமா?" என்றாள். அதைவிடக் குறைவு என்றேன். நம் வீடு எவ்வளவு உயரம் என்று உனக்கே தெரியும். என் பொய்க்கணக்கில் இன்னும் ஒன்று.

நாங்கள் தவறாகக் கணித்ததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அதற்குப் பதிலாக ஒன்று கேட்கிறேன். கரை சேர்ந்ததும் அம்மாவுக்குப் பேசு. அவள் சொன்னதைத் திரும்ப எடுக்க மாட்டாள், அது உனக்கும் தெரியும். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் சாப்பிட்டாயா என்று கேள். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

உன் காலடியில் தண்ணீர் அமைதியாக இருக்கட்டும்.

உன் தங்கை

*

அண்ணா,

நேற்று நீ அம்மாவிடம் பேசியபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். என்ன பேசினீர்கள் என்று அம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாலைக்குள் ஏழாவது புயல் உருவாகியிருந்தது. வழக்கம்போல எண்களோடு கடைக்குப் போனேன். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல், "சிவப்புக்கு மட்டும் சொல்லு" என்றாள். நீலப் பொத்தான் ஏற்கெனவே நீ நிற்கும் துறைமுகத்தின் மேல் இருந்தது.