தலைப்பிரசவத்துக்கு என் வண்டி

ஐப்பசி 14, வெள்ளி

காலையிலிருந்து சாரல். மேற்கே மலை தெரியல. பெயிண்ட் வேலைக்கு ஆகாத நாள். ஆனாலும் தார்ப்பாய் கட்டி ஆரம்பிச்சாச்சு.

செய்ய வேண்டியது:
பின் கதவுக் கீல், கிரீஸ்.
மேல் விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடி. தேனியில தேடணும்.
பிரேக். மாஸ்டர் சிலிண்டர் ஒழுகுது. பார்த்துக்கலாம்.
சுகந்திக்கு மாதுளம்பழம்.

இது நான் உயிர் கொடுக்கிற மூணாவது வண்டி. முதலாவது ஆஸ்பத்திரி ஜீப். ரெண்டாவது சொர்க்க ரதம், அது தோட்டத்துக் கொட்டகையில. ராசாத்தி உத்தரவு. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டு முன்னாடி பிணவண்டி நிக்கப்படாதாம். வீட்டுக்காரி சொன்னா சொன்னதுதான். இது ஆம்புலன்ஸ், அதனால வாசல்ல அனுமதி. மிஷன் ஆஸ்பத்திரியில ஓடினது. இதுக்குள்ள அறுபது பிள்ளை பிறந்திருக்கு. (வித்தவன் சொன்னது ஆறு. அத்தனை வருஷம் ஓடின வண்டி ஆறோட நிறுத்தியிருக்காது.)

வளைகாப்பில எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்: என் மகள் சுகந்தி தலைப்பிரசவத்துக்கு என் வண்டியிலதான் போவா. மாப்பிள்ளையோட தாயார், ஓடைப்பட்டிச் சம்பந்தியம்மா, பந்தியில வச்சே கேட்டாக. "வண்டி ஓடுமா சம்பந்தி, இல்ல நாங்க பின்னாடி நின்னு தள்ளணுமா?" பந்தியே சிரிச்சது. எனக்குப் பாயசம் இறங்கல.

டாக்டரம்மா சொன்ன நாளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு.

ஐப்பசி 15, சனி

நல்ல வெயில். வண்டியைக் கூடலூர் வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன். எஞ்சின் சத்தம் வீணை மாதிரி. வழியெல்லாம் ஜனம் நின்னு பார்த்தது.

சரி, நமக்கு நாமே என்னத்துக்குப் பொய். போனது தண்ணி டேங்க் வரைக்கும்தான். பிரேக் மூணாவது மிதிக்குத்தான் கொஞ்சம் பிடிக்குது, நாலாவதுக்கு அதுவும் இல்லை. புளியமரத்து மேட்டில ஏத்தித்தான் நிப்பாட்டினேன். பார்த்தது ரெண்டு மாடு.

ராசாத்திகிட்ட கூடலூர்னுதான் சொல்லியிருக்கேன். "கூடலூர் போனவரு நூறு கிராம் ஏலக்கா வாங்கியாரப்படாதா?"ன்னு ஒரே பிடி. மத்தியானம் நம்ம கே.கே.பட்டிக் கடையிலயே வாங்கி, காகிதத்தை மாத்திக் கொடுத்தேன்.

ஐப்பசி 17, திங்கள்

பெயிண்டர் சகாயம் வந்தாரு. பக்கத்து ஊர்க் கிறிஸ்தவர், கை சுத்தமான ஆள். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சோம்.

வெள்ளைக்கு அடியில பச்சை. பச்சைக்கு அடியில கறுப்பு. ஆம்புலன்ஸுக்கு எவன் கறுப்பு அடிப்பான்?

இடது பக்கம் மஞ்சள்ல எழுத்து கிளம்புச்சு, மேல ஒரு சிலுவையோட. சகாயம் தேய்க்கிறதை நிப்பாட்டிட்டு வாசிச்சாரு. "நித்திய இளைப்பாற்றி." நெற்றியிலயும் நெஞ்சிலயும் சிலுவை போட்டுக்கிட்டாரு.

"அண்ணே, இது எங்க கோயில் வண்டி. எங்க ஐயா இதுலதான் கல்லறைக்குப் போனாரு."

"யோவ், சும்மா இருய்யா. இது ஆம்புலன்ஸ்."

"ஆஸ்பத்திரிக்குப் பிறகால கொடுத்திருப்பாக. தரையில உருளை இருக்கும் பாருங்க, ரெண்டு வரிசை. பெட்டியைத் தள்ளி ஏத்துறதுக்கு."

ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். இருக்கு. ரெண்டு வரிசை, பித்தளை. ஸ்ட்ரெச்சர் உருட்டத்தான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். ஸ்ட்ரெச்சருக்குக் கால்லயே சக்கரம் இருக்கே, தரையில எதுக்குன்னு எனக்கும் தோணல, கேட்டவனுக்கும் தோணல.

சகாயம் ஒரு உருளையைக் கையால உருட்டிப் பார்த்தாரு. நல்லாவே சுத்துச்சு.

"ராசாத்தி பார்க்கிறதுக்குள்ள பட்டி பூசி மூடிருய்யா."

"வேற ஆள் பாருங்கண்ணே. இந்த எழுத்து மேல பட்டி தடவ எனக்குக் கை வராது."

வச்ச டீயைக் குடிக்காமலே போயிட்டாரு.

ஐப்பசி 18, செவ்வாய்

தார்ப்பாயை எடுக்கல. வீடு, தோட்டம், வீடு, தோட்டம். நாலு நடை. எதுக்குப் போறேன்னு எனக்கே தெரியல. "காலுல சக்கரமா கட்டியிருக்கு?" இது ராசாத்தி.

நானே பட்டி குழைச்சேன். தகட்டை எழுத்துக்குப் பக்கத்துல கொண்டு போனா கை போகல. அந்த ஆளு உருளையை உருட்டினதே கண்ணுல நிக்குது. குழைச்ச பட்டி கல்லாப் போச்சு. தூக்கிப் போட்டேன்.

சாயங்காலம் சகாயம் வீட்டுக்கே போனேன்.

"எழுத்து அப்படியே கிடக்கட்டும்யா. மத்த மூணு பக்கமும் வெள்ளை அடிச்சுக் கொடு."

"அக்கா பார்த்துட்டா?"

"இடது பக்கத்தைச் சுவரோட ஒட்டி நிப்பாட்டிருவேன்."

அவரு சிரிச்சாரு. உள்ள இருந்து அவரு வீட்டுக்காரம்மா சிரிச்சதும் கேட்டுச்சு.

பிரேக் சாமான் மதுரையிலிருந்து இன்னும் வரல.

ஐப்பசி 20, வியாழன்

மூணு பக்கம் முடிஞ்சது. பால் வெள்ளை. சிவப்பு விளக்கு பொருத்தியாச்சு. சைரன் பாக்கி. பிரேக் மே.படி.

சம்பந்தியம்மா டவுன் பஸ்ல வந்து இறங்கினாக, பிரசவம் வரைக்கும் இருக்க. கையில முறுக்கு டின். வண்டியை மூணு பக்கமும் பார்த்துட்டு வந்தாக.

"இந்தப் பக்கம் மட்டும் என்ன சம்பந்தி, புதுப்பொண்ணு மாதிரி சுவரோட ஒட்டிக்கிட்டு?"

"புதுப் பெயிண்ட். வெயில் ஆகாது."

"பிரேக்கெல்லாம் இருக்கா?"

"குமுளி மலை இறக்கத்துல ஒத்த விரலை வச்சு நிப்பாட்டினேன்."

வாய்ல வந்துருச்சு. சுகந்தி நிலைப்படியில சாஞ்சு கேட்டுக்கிட்டு இருந்தா. முகத்துல அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்த்ததிலிருந்து உட்கார முடியல, நிக்க முடியல. மதுரைக்கு மூணு போன். "நாளைக்கு வந்துரும்"கிறான்.

ஐப்பசி 21, வெள்ளி

வலி கண்டுருச்சு. காலை பதினோரு மணி, சொன்ன நாளுக்கு மூணு நாள் முன்னாடியே.

சுகந்தி பையை எடுத்துக்கிட்டு அவளா நடந்து வண்டிகிட்ட வந்துட்டா. ராசாத்தி தலகாணியோட இடது பக்கச் சந்துல ஒருக்களிச்சு நுழைஞ்சவ, சுவருக்கும் வண்டிக்கும் நடுவுல நின்னு பார்த்துட்டா. கறுப்பு, சிலுவை, எழுத்து எல்லாம்.

"ஆத்தாடி! இது பிணவண்டில்ல!"

தெருவே திரும்பிச்சு.

சுகந்தி கதவுக் கைப்பிடியைப் பிடிச்சு மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னா. "அம்மா, கத்தாத. சகாயம் மாமா வீட்டு அத்தை அன்னைக்கே எனக்குச் சொல்லிட்டாக. எந்த வண்டியிலதான் செத்தவுக போகல? அப்பா, கிளம்பு. நல்லா ஓடும்ல?"

சாவி கையில. ரெண்டாவது கியர்லயே பிடிச்சுக்கிட்டுப் போயிரலாம். வாய்க்கால் இறக்கத்துல முதல் கியர். கம்பம் டவுனுக்குள்ள, ஆஸ்பத்திரி வரைக்கும், மெல்ல. குமுளி மலையில முப்பது வருஷம் ஜீப் ஓட்டினவன் நான், பிரேக் இல்லாம கொண்டு போயிருவேன். இது நிசமாவே என்னால முடியும். சம்பந்தியம்மா ஒரு காலை உள்ள வச்சுட்டு, "ஏறுங்க சம்பந்தி"ங்கிறாக. சுகந்தி என் மூஞ்சியையே பார்க்கா.

"பிரேக் பிடிக்காதுத்தா. தண்ணி டேங்கைத் தாண்டி நான் இதை ஓட்டினதே இல்ல."

ராசாத்தி அழுகையை நிப்பாட்டிட்டா. சம்பந்தியம்மா வச்ச காலை எடுத்தாக. ஒரு சொல்லு சொல்லுவாகன்னு நின்னேன். சொல்லல. தெருவுக்குப் போயி, "ஏலே ஆட்டோ!"ன்னு எதிர் வீட்டு ஆட்டோக்காரனை அவுகளே கூப்பிட்டாக.

நான் டிரைவர் பக்கத்துல, பாதி வெளியில தொங்கிக்கிட்டுப் போனேன்.

ஐப்பசி 22, சனி

மழை. ஆஸ்பத்திரி வராண்டா. பென்சில்ல எழுதுறேன்.

பொண்ணு. நேத்துச் சாயங்காலம். தாயும் பிள்ளையும் நலம். ரெண்டு கிலோ தொள்ளாயிரம். மாப்பிள்ளைக்குப் போன்ல மூணரைன்னு சொன்னேன்.

ராசாத்தி இன்னும் என்கூடப் பேசல. ஆனா இட்லி கொடுத்தா.

சித்த முன்னாடி பக்கத்துக் கட்டில்காரக யாரோ கேட்டாக, எதுல வந்தீகன்னு. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். சம்பந்தியம்மாதான் பதில் சொன்னாக, பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி.

"எங்க சம்பந்தி சொந்தமா ஆம்புலன்ஸ் வச்சிருக்காரு. அதுலதான் வந்தோம். சைரனைப் போட்டுக்கிட்டு, கே.கே.பட்டியிலிருந்து ஆறே நிமிசம்! ஒரு ஆடு மாடு குறுக்க வரலையே!"

எல்லாரும் என்னைப் பார்த்தாக. சம்பந்தியம்மா என்னைப் பார்க்கல. பிள்ளைக்குத் துணியைச் சரி பண்ணிக்கிட்டே இருந்தாக.

ஆறு நிமிசத்துல எவன் வருவான். ரெண்டு வேகத்தடை இருக்கு. பன்னண்டுன்னாவது சொல்லியிருக்கணும்.