வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

2-5-94, திங்கள்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அட்டையில் 'வரலாறு, ஒன்பதாம் வகுப்பு, பெண்கள் பள்ளி' என்று போட்டிருக்கிறேன். பரீட்சை சமயத்திலேயே யாரும் தொடாத நோட்டு. நானும்தான்.

எங்கள் வீரனும் ஜிம்மியும் பக்கத்துத் தோட்டத்துச் சுப்பாத்தாள் அக்காவின் ஆட்டுக்குட்டியைக் கடித்துக் கொன்றுவிட்டன. அப்பா முடிவு செய்துவிட்டார். ஞாயிறு விடியற்காலை மஜீத் அண்ணனின் தேங்காய் லாரி காங்கேயம் போகும்போது, இரண்டு நாயையும் சாக்கில் கட்டி ஏற்றி, பி.ஏ.பி. பாசன வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடுவது. தண்ணீரைத் தாண்டினால் மோப்பம் அறுந்துபோகுமாம், திரும்பி வராதாம். எங்கள் கிணத்துக்கடவில் இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

அப்பாவிடம் பேச எனக்குப் பயம். வீரனும் என்னைப் போலத்தான். பட்டாசு வெடித்தால் கட்டிலுக்கடியில் போய்விடுவான். வெளியில் எப்படிப் பிழைப்பான்?

3-5-94

அப்பாவின் அக்கா, மயிலாத்தாள் அத்தை, வெள்ளகோவிலில் இருக்கிறார். நாய் என்றால் அவருக்கு உயிர். தொண்ணூறு கிலோமீட்டர். என் சைக்கிளில் ஒரு பிரேக்தான் பிடிக்கும்.

4-5-94

நாளைக்கு. இரண்டையும் அத்தையிடம் விட்டுவிட்டு வந்துவிடுவேன்.

5-5-94, வியாழன்

போனேன். வந்தும்விட்டேன்.

விடியற்காலை நாலரைக்கு யாருக்கும் தெரியாமல் கிளம்பினேன். பெரிய தூக்குப்போசி நிறையப் புளிச்சோறு. மூன்று பேருக்கு, இரண்டு நாளைக்கு. நாய்களுக்குப் புளி பிடிக்காதென்று தெரியும். ஆனால் தயிர்சோறு கெட்டுப்போகுமே.

ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர் நாய்கள் எல்லைவரை வந்து வரவேற்றன. வீரன் என் சைக்கிளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். எனக்கு ஒளிய இடமில்லை. வாய்க்கால் பாலத்தைத் தாண்டி ஒரு மர நிழலில் படுத்தோம். விழித்துப் பார்த்தால் இரண்டையும் காணோம். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை போயிற்று. அழுதுகொண்டே சைக்கிளைத் திருப்பினேன்.

பொழுது சாய வந்து சேர்ந்தால் வாசலில் ஊரே நிற்கிறது. நடுவில் இரண்டு நாயும் படுத்திருக்கின்றன. மத்தியானமே வந்துவிட்டனவாம் — வாய்க்காலைத் தாண்டி! அதை யாரும் கவனிக்கவில்லை.

"பையன் யாரு கண்ணு? சொல்லிப்போடு" என்றாள் அம்மா.

"வீரனையும் ஜிம்மியையும் கூட்டீட்டு அத்தை ஊட்டுக்குத்தானுங்கம்மா போனேன்."

"நாயி மத்தியானத்துல இருந்து இங்க படுத்துக் கெடக்குது. நீ யார்கூடப் போனே?"

சுப்பாத்தாள் அக்கா தூக்குப்போசியைத் திறந்து எல்லாருக்கும் காட்டினார். "ஏனுங்க, ஒத்தப் புள்ள திங்கற சோறாங்க இது?"

அப்பா போசியை வாங்கி, மூடி போட்டு, உள்ளே கொண்டுபோனார். அதுதான் பயமாக இருந்தது.

6-5-94

யாராவது ஒரு பையன் பேரைச் சொல்லித் தொலைத்தால் விட்டுவிடுவார்களோ என்று யோசித்தேன். எனக்கு எவனையும் தெரியாது.

7-5-94, சனி

அப்பா அம்மாவிடம் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"நாயி இருக்கட்டும். எவனாச்சும் செவரேறி வந்தான்னா கத்துமல்ல. இவ பத்தாவது வெள்ளகோயல்லயே படிக்கட்டும். அக்காகிட்டச் சொல்லிப்போட்டேன். மஜீத்து லாரிதான் எப்படியும் நாளைக்கு வருதே."

நாய்கள் பிழைத்துவிட்டன. நான் கேட்டது அதுதானே? அப்புறம் ஏன் —

8-5-94

மணி நாலு. பெட்டியின் பூட்டுக் கெட்டுவிட்டது. என் துணிகளை அம்மா சாக்கில் கட்டி வைத்திருக்கிறாள். சாக்கு எடுத்து வைத்தது இருந்ததாம்.

வாய்க்காலைத் தாண்டினாலும் திரும்பி வரலாம் என்று வீரன் காட்டிவிட்டான். அப்பா சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்.

லாரி வந்து நிற்கிறது. மஜீத் அண்ணன் இறங்கி வாசலுக்கு வரும் சத்தம். காவலுக்கு வைத்த வீரன் ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. கட்டிலுக்கடியில் இருப்பான். கதவைத் தட்டுகி —